பதில் வரும் என்கிற கணக்கு

சர்வதேச அமைப்புகளைப் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் இரண்டே குரல்கள். ஒன்று பாடப்புத்தகக் குரல்: ஐ.நா. உலக அமைதிக்காகத் தோற்றுவிக்கப்பட்டது, அதன் முதன்மை உறுப்புகள் ஆறு. இன்னொன்று டீக்கடைக் குரல்: "அதெல்லாம் சும்மா சார், அமெரிக்காக்காரன் வச்சதுதான் சட்டம்." இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் படித்து முடித்த பிறகும், ஒன்றையொன்று நம்பாத நாடுகள் எப்படித்தான் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது மட்டும் விளங்குவதில்லை. நம் கண் எப்போதும் பாதுகாப்பு அவையின் வீட்டோவிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒரு சலிப்பான பிரதியைப் படித்துப் பார்க்கலாம் என்கிறேன். 1874 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி எழுதிய அஞ்சல் ஒப்பந்தம் அது. ஐ.நா. சாசனத்தின் முகவுரையில் போரின் கொடுமை இருக்கிறது, மனித மாண்பு இருக்கிறது, பிறக்கப்போகிற தலைமுறைகள்கூட இருக்கின்றன. இதில் இருப்பது கிராமும் சென்டிமும். 15 கிராம் கடிதத்துக்கு 25 சென்டிம். அட, இதுக்கா இத்தனை நாடுகள் கூடுச்சு?

இதற்குத்தான். அதுவரை ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 22 நாடுகள் என்றால் 231 ஜோடிகள். ஒரே ஊருக்குப் போகும் கடிதத்துக்கு, எந்தக் கப்பல், எந்த எல்லை வழி என்பதைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம். 1863இல் அமெரிக்க அஞ்சல் துறைத் தலைவர் மான்ட்கோமரி பிளேர் முன்கை எடுத்து பாரிஸில் ஒரு மாநாடு நடந்தது. பொதுக் கொள்கைகள் பேசியதோடு சரி. பிறகு ஜெர்மானிய அஞ்சல் அதிகாரி ஹைன்ரிஹ் ஃபான் ஸ்டெஃபான் ஒரு திட்டம் வைத்தார். நடுவில் பிரான்ஸும் ஜெர்மனியும் போர் வேறு நடத்தி முடித்தன. பெர்னில் ஒப்பந்தம் ஆனபோது பிரான்ஸ் தயங்கி நின்று, பிறகு வந்து சேர்ந்தது. நட்பு மலர்ந்து உருவான ஏற்பாடு என்று யாரும் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தின் அழகு அதன் அடியில் கிடக்கும் ஓர் அனுமானத்தில் இருக்கிறது. உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே அஞ்சல் பிரதேசம். கடிதத்துக்கு வாங்கும் கட்டணத்தை அனுப்புகிற நாடே வைத்துக்கொள்ளும். போய்ச்சேர்க்கிற நாடு அதைத் தன் செலவில் வீட்டுக் கதவுவரை கொண்டுபோகும். நடுவழியில் சுமந்துசெல்கிற நாட்டுக்கு மட்டும் கூலி உண்டு. இது நியாயமா? நியாயம்தான், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் வருமென்றால். போனதும் வந்ததும் சரிக்குச் சரியாகிவிடும். கணக்கு எழுதுகிற செலவு மிச்சம். கடிதம் எழுதினால் பதில் எழுதுவார்கள் என்ற ஒரு மனித வழக்கத்தின் மேல் கட்டப்பட்ட பொருளாதாரம் இது. சாசனத்தின் முகவுரையைவிட எனக்கு இது பெரிய கற்பனையாகத் தெரிகிறது. முகவுரை மனிதர்கள் எப்படி இருக்க வேண்டும் என்கிறது. இது மனிதர்கள் செய்துகொண்டிருப்பதையே எடுத்துச் சட்டமாக்குகிறது.

என் தொழிலில் இதற்கு நேரான ஒன்று உண்டு. இரண்டு இணைய நிறுவனங்கள் ஒன்றின் டிராஃபிக்கை மற்றொன்று காசு வாங்காமல் ஏற்றுக்கொள்வதை பியரிங் என்போம். இரு பக்கமும் ஏறத்தாழ சமமாக ஓடும் வரை யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து சினிமாவாகக் கொட்ட ஆரம்பித்தால் சண்டைதான். 2014இல் நெட்ஃபிளிக்ஸுக்கும் காம்காஸ்ட்டுக்கும் நடந்தது இதுவே.

அஞ்சலிலும் அதுதான் நடந்தது. கடிதத்துக்குப் பதில் வரும். பத்திரிகைக்கும் விளம்பரக் கட்டுக்கும் வராது. பணக்கார நாடுகள் அனுப்பிக்கொண்டே இருந்தன, ஏழை நாடுகளின் தபால்காரர்கள் சுமந்துகொண்டே இருந்தார்கள். சமத்துவம் என்ற பெயரில் இப்படி ஒரு சாய்வு ஏறத்தாழ நூறு வருஷம் ஓடியிருக்கிறது. 1969 டோக்கியோ மாநாட்டில்தான் போய்ச்சேர்க்கிற நாட்டுக்கும் ஒரு தொகை என்று முடிவானது. வளரும் நாடுகளுக்குச் சலுகை விகிதங்கள் பின்னால் வந்தன. அப்புறம் இணைய வணிகம் வந்தது, ஆறு திசை மாறியது. அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு சின்னப் பொட்டலம் அனுப்புவதைவிடச் சீனாவிலிருந்து அனுப்புவது மலிவு என்றானதும், 2018 அக்டோபரில் அமெரிக்கா வெளியேறப்போவதாக அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனிவாவில் கூடிய சிறப்பு மாநாட்டில், அதிகமாக அஞ்சலைப் பெறும் நாடுகள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே நிர்ணயிக்கலாம் என்று விட்டுக்கொடுத்து, அமெரிக்காவை உள்ளே வைத்துக்கொண்டார்கள். 1863இல் எல்லாரையும் கூப்பிட்டவர்களே கதவுவரை போய்த் திரும்பினார்கள். சாய்வு ஏழைகளுக்கு எதிராக இருந்தபோது எத்தனை காலம் பிடித்தது, பணக்கார நாட்டுக்கு எதிராகத் திரும்பியபோது எத்தனை மாதம் ஆனது என்று பாருங்கள். டீக்கடைக்காரர் முழுத் தப்பில்லை. ஆனால் வெளியேறாமல் பேரம் பேசியதையும் அவர் விளக்கியாக வேண்டும். மற்ற 191 நாடுகளோடு தனித்தனியே பேசுவது வல்லரசுக்கும் தலைவலிதான்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. இந்த ஏற்பாட்டில் உறுப்பினர் என்பது நாடு. கடிதம் எழுதுகிற ஆளுக்கு அதில் இடமில்லை. இந்தியா சுதந்திரத்துக்கு 71 ஆண்டுகளுக்கு முன்பே, 1876இல், இதில் சேர்ந்துவிட்டது. அடிமை நாடாக இருக்கலாம், தடையில்லை. அஞ்சல் நிர்வாகம் என்று ஒன்று இருந்தால் போதும். எல்லை தன் கையில் இல்லாதவர்களுக்குத்தான் பிரச்சினை. ஜோர்டான் வழியாகப் பாலஸ்தீனர்களுக்கு வந்த தபால் 2010 முதல் அங்கேயே தேங்கிக் கிடந்தது. எல்லை இஸ்ரேலிடம், ஒன்றியத்தில் பாலஸ்தீனத்துக்கு இருந்ததோ பார்வையாளர் இடம். 2018 ஆகஸ்டில், ஒரு தடவை காட்டும் நல்லெண்ணம் என்ற பெயரில், இஸ்ரேல் அதை விடுவித்தது. ஏறத்தாழ 10 டன். ஜெரிகோவில் ஊழியர்கள் மூட்டைகளைப் பிரித்து, கிழிந்த உறைகளில் முகவரி தேடினார்கள். யாருக்கோ வந்த ஒரு சக்கர நாற்காலியும் அதில் இருந்தது.