பிடி2399 எதிரொலிச் சுற்றும் கிதார் பெடல் திருத்தங்களும்

பிடி2399 என்பது தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி நிறுவனம் கரோக்கே கருவிகளில் எதிரொலி சேர்ப்பதற்காக உருவாக்கிய 16 கால் ஐசி. சென்னை ரிச்சி தெருவில் விற்கும் எக்கோ போர்டுகள் பலவற்றில் இருப்பது இதுதான். வீட்டிலேயே கிதார் டிலே பெடல் செய்து பார்க்கும் மாணவர்கள் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். இவ்வாறு செய்யப்படும் பெடல்கள் ‘அனலாக் டிலே’ என்ற பெயரில் உலவுகின்றன. அவற்றை மேம்படுத்துவதாகச் சொல்லும் திருத்தங்களும் கைக்குக் கை மாறி வருகின்றன. அந்தப் பெயர் பொருந்துமா, அந்தத் திருத்தங்களில் எவை உண்மையில் பலன் தரும் என்பதே இங்கு கேள்வி.

பெயரில் உள்ள பிழை

1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் ஆகிய இருவர் உருவாக்கிய ‘பக்கெட் பிரிகேட்’ சாதனமே அனலாக் டிலே பெடல்களின் அடிப்படை. தளம் போடும் நாளில் கலவைச் சட்டி கை மாறி மேலே போவதை நினைத்துக்கொண்டால் போதும். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு சிறு மின்தேக்கி. சட்டியில் இருப்பது அந்தக் கணத்து ஒலிக்கு ஈடான மின்னூட்டம். கடிகாரத் துடிப்பு ஏவ ஏவ, சட்டி அடுத்த கைக்குப் போகிறது. கடைசி ஆளிடம் சேர ஆகும் நேரம்தான் தாமதம். கை மாறும்போதெல்லாம் கொஞ்சம் சிந்தும் என்பது கட்டட வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் தயாரித்த எம்என்3005 ஐசியில் இப்படி 4096 படிகள் உண்டு. படிகளின் எண்ணிக்கையைக் கடிகார அதிர்வெண்ணின் இரு மடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். 10 கிலோ ஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அது 204.8 மில்லி விநாடி. 1981இல் வெளிவந்த பாஸ் டிஎம்-2 பெடல் தந்த 300 மில்லி விநாடியை எட்ட வேண்டுமானால், கடிகாரத்தை 6.8 கிலோ ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கியாக வேண்டும். அப்போது அதில் பாதியான 3.4 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி முழுவதையும் வடிகட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஊளையும் கரகரப்பும் வந்து சேரும். அனலாக் டிலேயின் ‘கதகதப்பு’ என்று ரசிகர்கள் கொண்டாடுவதில் பாதி, வேறு வழியில்லாமல் வந்தது.

பிடி2399இல் சட்டியும் இல்லை, சிந்தலும் இல்லை. உள்ளே வரும் ஒலி சற்று முன்பிருந்ததைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, 1 அல்லது 0 என எழுதி, 44 கிலோபிட் நினைவகத்தில் போட்டு, பிறகு எடுத்துப் படிக்கிறது. இது டிஜிட்டல். அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனாலும் காது ஏமாறுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. இங்கும் நினைவகத்தின் அளவு மாறாதது. தாமதத்தை நீட்ட வேண்டுமானால் கடிகாரத்தைத்தான் மெதுவாக்க வேண்டும். மெதுவானால் ஒலி கெடும். 6ஆம் காலில் 0.5 கிலோ ஓம் வைத்தால் 31.3 மில்லி விநாடி, 27.6 கிலோ ஓம் வைத்தால் 342 மில்லி விநாடி என்கிறது தயாரிப்பாளரின் தரவுத்தாள். அதற்கேற்ப ஒலித்திரிபும் 0.13 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 1 சதவீதத்துக்கு உயர்கிறது.

பெயர் தவறு என்பதால் சுற்று மட்டமாகிவிடாது. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. அனலாக் என்று நம்புகிறவர், பக்கெட் பிரிகேட் பெடலுக்கு எழுதப்பட்ட வைத்தியத்தை இதற்குச் செய்கிறார்.

வீண் திருத்தங்கள்

வெளியே உள்ள டிஎல்072 ஆப்-ஆம்பைக் கழற்றிவிட்டு, பல மடங்கு விலையுள்ள ஒன்றைப் பொருத்துவது அவற்றில் ஒன்று. நூற்றுக்கு ஒரு பங்கு திரிபை ஐசியே சேர்க்கும்போது, அதற்கு வெளியே ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறைத்து யாருக்கு என்ன லாபம்?

எல்லாரும் முதலில் கை வைப்பது தாமத நேரத்தில். 50 கிலோ ஓம் மாறுமின்தடையை எடுத்துவிட்டு 100 கிலோ ஓம் போடுகிறார்கள். நேரம் நீளத்தான் செய்கிறது. ஆனால் 400 மில்லி விநாடியைத் தாண்டத் தாண்ட இரைச்சல் மேலேறி, அரை விநாடிக்குப் பிறகு திரும்பி வருவது வாசித்த சுரமா, வானொலி அலைவரிசை நழுவிய ஒலியா என்றே சந்தேகம் வந்துவிடும். அந்தக் கரகரப்பே வேண்டும் என்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். மேம்பாடு என்று அதைச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை

எக்கோ போர்டு மைக்குக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் உள்ளீட்டு மின்மறுப்பு குறைவு. கிதாரின் பிக்அப்பை நேராக அதில் செருகினால் மேல்சுரத் துலக்கம் அங்கேயே செத்துவிடும். பழி ஐசியின் மேல் விழும். டிஎல்072இன் ஒரு பாதியைக் கொண்டு 1 மெகா ஓம் உள்ளீடுள்ள பஃபர் ஒன்றை முன்னால் போடுவதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் முந்தைய திருத்தம். பல வரைபடங்களில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது 6ஆம் கால். மாறுமின்தடையை முழுவதும் குறைத்து வைத்தபடி மின்சாரம் கொடுத்தால் ஐசி பூட்டிக்கொண்டு எதிரொலி தராமல் நின்றுவிடலாம். சுட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. 1.5 முதல் 2.2 கிலோ ஓம் வரையிலான ஒரு மின்தடையைத் தொடராக வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

சுவை இருப்பது பின்னூட்டப் பாதையில். அங்கு 10 கிலோ ஓம் மின்தடையும் 4.7 நானோ ஃபாரட் கண்டென்சரும் வைத்தால் 3.4 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி தேயத் தொடங்கும். கண்டென்சரை 10 நானோ ஃபாரட் ஆக்கினால் அந்த எல்லை 1.6 கிலோ ஹெர்ட்ஸ். 22 கட்டைக் கிதாரின் உச்ச சுரம் 1175 ஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடுவதால், சுரம் தப்பிக்கும். மீட்டும் வில்லையின் ‘டிக்’ ஓசை மட்டும் சுற்றுக்குச் சுற்று கரையும். வடிகட்டியைப் பொது வெளியீட்டில் வைக்காமல் பின்னூட்டத்தில் வைப்பதன் பொருள் இதுதான்: முதல் எதிரொலி தெளிவாக வரும், நான்காவது தூரத்தில் கேட்கும். நம்மிடம் புழங்கும் திருத்தங்களில் உண்மையாகவே பழைய அனலாக் பெடலின் நடையை நெருங்குவது இந்த ஒன்றுதான். இரண்டு ரூபாய்ச் செலவு.

மின்சாரம் பற்றி ஓர் எச்சரிக்கை. கிதார் பெடல்களில் வழக்கம் நடு முள் நெகட்டிவ். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் நடு முள் பாசிட்டிவ். உள்ளே ஒரு 1என்4007 டயோடு தொடராக இல்லாவிட்டால் முதல் நாளே கதை முடியும்.

திருவாலங்காட்டுக் கணக்கு

திருவாலங்காட்டிலிருந்து அரக்கோணம் – சென்னை மின்ரயிலில் ஏறினால் ரிச்சி தெருவுக்குப் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஆனால் இந்த ஐசியின் குரலைக் கேட்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காரைக்கால் அம்மையார் பதிகம் பாடிய இந்த ஊரைப் போன்ற கோயில் ஊர்களில், திருவிழா நாளின் மைக் செட்டே அதைக் காட்டிவிடும். அங்கே எக்கோ என்பது அநேகமாகப் பாதிக்கு மேல் திருகப்பட்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோபுரத்தருகே ஒரு கூம்பு ஒலிபெருக்கி, நூறு மீட்டர் தள்தித் தெருமுனையில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும். தெருமுனையில் நிற்பவருக்குப் பக்கத்துக் கூம்பின் சொல் உடனே கேட்கும். கோபுரத்துக் கூம்பின் அதே சொல் சுமார் 290 மில்லி விநாடி கழித்து வந்து மோதும். அதாவது பிடி2399 தரக்கூடிய எதிரொலியை ஊரின் நிலப்பரப்பே இலவசமாகத் தருகிறது. அதன்மேல் போர்டும் தன் பங்கைச் சேர்த்தால், பதிகத்தில் ராகம் மிஞ்சும், சொல் மிஞ்சாது.

அதே போர்டால் இதைச் சரிசெய்யவும் முடியும். பின்னூட்ட மின்தடையைக் கழற்றிவிட்டு, நேரடி ஒலியைக் கலக்கும் மின்தடையையும் கழற்றினால், போர்டிலிருந்து தாமதித்த ஒலி மட்டும் ஒரே ஒரு முறை வரும். 6ஆம் காலில் 22 கிலோ ஓம் வைத்தால் தாமதம் சுமார் 280 மில்லி விநாடி. இந்த வெளியீட்டைத் தனி ஆம்ப்ளிஃபையர் வழியாகத் தெருமுனைக் கூம்புக்கு மட்டும் கொடுத்து, அந்தக் கூம்பைக் கோபுரத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிவிட வேண்டும். இரண்டு ஒலிகளும் தெருமுனையில் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேரும். ஐசியின் இரைச்சலும் மங்கலும் கூம்பு ஒலிபெருக்கியின் குறைகளுக்குள் மறைந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் ஒன்று கூடுதலாகத் தேவைப்படும் என்பதுதான் இதிலுள்ள உண்மையான செலவு.