தோற்றும் தொடரும் ஆட்டம்

உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களை நான்கென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் விளையாட்டையும் புலனையும் தனித்தனியே வைத்தார். புலனாவது அறிவுடைமை என்பர் உரையாசிரியர். இவ்விரண்டும் ஓரிடத்தே கூடுமாயின், அவ்வின்பம் மீட்டும் மீட்டும் நுகரத்தக்கதாகும். இக்காலக் கணினி விளையாட்டுகளுள் ‘ரோக்லைட்’ எனப்படும் வகையை இக்கருத்தின்வழி நின்று ஆராய்தல் ஏற்புடைத்து.

இவ்வகைக்கு மூலமாயது, அமெரிக்க மாணவரான மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்போர் தொடங்கி 1980ஆம் ஆண்டளவில் வெளிவந்த ‘ரோக்’ என்னும் ஆட்டமாகும். அதன் நிலவறைகள் ஒவ்வொரு முறையும் புதியனவாய் அமையும். ஒருமுறை புண்ணாற்றிய நிறமருந்து மறுமுறை நஞ்சாதலும் உண்டு. வீரன் மடிந்தால் ஈட்டிய யாவும் அழியும். முதலிலிருந்தே தொடங்கல் வேண்டும். இக்கடுமையைத் தளர்த்தியதே ரோக்லைட். 2013இல் வெளிவந்த ‘ரோக் லெகசி’யில் வீரன் மாய்ந்தபின் அவன் வழித்தோன்றல் வாளேந்துகின்றான், முன்னோன் ஈட்டிய பொன்னைக்கொண்டு தன் ஆற்றலைப் பெருக்குகின்றான்.

தோற்றவர் மீண்டும் ஆட வருவது எதனால்? தற்செயலால் விளையும் புதுமையே காரணம் என்பர் சிலர். அங்ஙனமாயின் பரமபதமும் அத்தகையதே. ஆங்கு ஏணியும் பாம்பும் ஆடுவோரின் அறிவை வேண்டி நிற்பதில்லை. நூறுமுறை ஆடியவரும் முதன்முறை ஆடுபவரும் ஒரே நிலையினர். சேர்த்துவைத்த ஆற்றலே காரணம் என்பர் வேறு சிலர். முப்பதாம் முறை வீரனின் வாள் கூர்மையுற்றமையால் மட்டும் வெற்றி கிட்டுமாயின், அதனைப் பொழுது செலவிட்டதற்குக் கிடைத்த கூலி எனலாமேயன்றி, ஆட்டத்தின் வெற்றி எனல் பொருந்தாது. ‘ரோக் லெகசி’யிடத்து இக்குறை ஓரளவு காணப்படுகின்றது.

2019இல் நிறைவுற்று வெளிவந்த ‘ஸ்லே த ஸ்பையர்’ என்னும் சீட்டாட்டம் இக்குறையைப் பெரிதும் நீக்கியது. பகைவன் அடுத்துச் செய்யக் கருதுவது அவன் தலைமேல் குறியாகத் தோன்றுகின்றது. எனவே தோற்றவர் ஊழை நோவதற்கு இடம் குறைவு. எச்சீட்டைத் தேர்ந்தமையால் தாம் வீழ்ந்தனர் என்பதைத் தாமே உணர்வர். அவ்வுணர்வே அடுத்த ஆட்டத்துக்கு முதலாகின்றது.

பிறிதோர் இன்பமும் ஈண்டுக் கருதத்தக்கது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை விடியுமளவும் காண்போர் கதையின் முடிவை அறியாதவரல்லர். கர்ணன் மடிவான் என்பது களரியைச் சூழ்ந்திருப்போர் அனைவர்க்கும் தெரியும். எனினும் அவ்வேடம் பூண்டவனின் வரவு எத்தகையது, தாளம் பிசகாது ஆடினானா என்பவற்றையே அவர் உற்று நோக்குவர். 2020இல் முழுமையுற்ற ‘ஹேடீஸ்’ என்னும் ஆட்டத்தின் சுவையும் இத்தகையதே. கிரேக்கக் கீழுலகினின்று தப்ப முயலும் சக்ரியஸ், வீழுந்தோறும் தந்தையின் மனைக்கே மீள்கின்றான். வென்று மேலுலகை அடைந்தாலும் ஆங்கு நிலைத்திருக்க இயலாதவனாகின்றான். மனையிலுள்ளோர் அவன் வீழ்ந்தவாற்றைக் குறித்து உரையாடுவர். கதை அவ்வழியே வளர்கின்றது. ஆற்றல் சேர்க்கும் வாயில் இதன்கண்ணும் உண்டு. ஆயினும் தோல்வியைக் கதையின் உறுப்பாக்கியதே இதன் தனிச்சிறப்பு.

இத்தகைய ஆட்டங்களை மதிப்பிட எளியதோர் அளவுகோல் உண்டு. சேமித்த யாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கச் செய்க. முதல்நாள் ஆடியதினும் சிறப்பாக ஒருவர் ஆடுவாராயின், அவ்வாட்டம் அவரிடத்தே எதனையோ வைத்துச் சென்றுள்ளது. அங்ஙனமின்றி அவர் பழைய நிலையிலேயே நிற்பாராயின், வளர்ந்தது கணினியிலுள்ள கணக்கு மட்டுமே. இளைஞரின் பொழுதைப் பெரிதும் கொள்ளும் ஒரு கலை, அவர்க்கு அறிவையேனும் திருப்பி அளித்தல் கடன்.