கோபுரமும் குரலும்

தொலைக்காட்சி ஒரு பிரதேசத்தைச் சென்றடைவது வேறு. அப்பிரதேசம் தொலைக்காட்சியிற் பேசுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் நம்மிடையே உண்டு. சிறு நிலையங்கள் பெரு வலையமைப்புகளோடு கொள்ளும் உறவை ஆராய்வது இம்மயக்கத்தைத் தெளிவிக்க உதவும்.

ஐக்கிய அமெரிக்காவில் உள்ளூர் நிலையம் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி அனுமதிப்பத்திரம் பெற்றது. முதன்மை நேர நிகழ்ச்சிகளை ஒப்பந்த அடிப்படையில் வலையமைப்பிடமிருந்து அது பெறும். எஞ்சிய நேரம் நிலையத்துக்குரியது. மொன்ரானா மாநிலத்துக் கிளென்டைவ் என்னும் சிற்றூர் இதற்குத் தக்க சான்று. அந்நாட்டின் ஆகச்சிறிய தொலைக்காட்சிச் சந்தையாக நெடுங்காலம் கணிக்கப்பட்ட அவ்வூரில் 1957 இல் தொடங்கிய நிலையம், சீ.பீ.எஸ்., என்.பீ.சீ. ஆகிய போட்டி வலையமைப்புகள் இரண்டினதும் நிகழ்ச்சிகளை வழங்கியது. ஆயினும், தன்னூர்ச் செய்தியைத் தானே ஆக்கியது.

அங்ஙனமாயின், நேரம் கிடைத்தாற் போதுமா? 1970 இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட விதியொன்று, ஐம்பது பெருஞ்சந்தைகளில் வலையமைப்புகளின் முதன்மை நேரத்தை மூன்று மணித்தியாலமாக மட்டுப்படுத்தியது. உள்ளூர் ஆக்கங்களை வளர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நிலையங்கள் பலவோ, கிடைத்த நேரத்தை மலிவாக வாங்கிய போட்டி விளையாட்டு நிகழ்ச்சிகளால் நிரப்பின. 1996 இல் அவ்விதி கைவிடப்பட்டது. உரிமையும் நேரமும் இருந்தும், பொருள்வளமும் ஆளணியும் இன்றேல் உள்ளூர்க் குரல் எழாது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இவ்வளவுகோல் கொண்டு நமது வடபுலத்தை நோக்குவோம். 1982 இல் ஆரம்பமான ரூபவாஹினிக்குக் கொக்காவிலில் அஞ்சல் நிலையமொன்று இருந்தது. 1990 இல் போரில் அது அழிந்தது. 2011 இல் அவ்விடத்தே 174 மீற்றர் உயரக் கோபுரம் எழுப்பப்பட்டது. ஒளிபரப்பின் வீச்சு விரிந்தமை நன்றே. எனினும், அஞ்சற் கோபுரம் பிறிதோரிடத்தில் ஆக்கப்பட்டதைப் பரப்புவது. தானாக எதனையும் ஆக்குவதன்று. கிளென்டைவ் நிலையம் ஓர் ஒப்பந்தத்தின் தரப்பு. கொக்காவிற் கோபுரமோ மையத்தின் நீட்சி.

ஆதலின், வடபுல ஒளிபரப்புப் பற்றிப் பேசுவோர் எத்தனை அலைவரிசைகள் தெரிகின்றன என்று எண்ணுவதோடு அமைதல் ஆகாது. நாளொன்றுக்கு எத்தனை நிமிடங்கள் இங்கு ஆக்கப்படுகின்றன, அவற்றைத் தீர்மானிப்பவர் யாவர், செலவை ஏற்பவர் யாவர் என வினவுதல் வேண்டும்.