காது முந்தும், கண் பிந்தும்

பங்குனி கடைசியில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் வெட்டிய மஞ்சள் வெந்து முடிந்து களங்களில் காய்ந்துகொண்டிருக்கும். போதமலைச் சரிவு வெயிலில் வெளுத்துப்போயிருக்கும். காட்டில் பச்சை குறையக் குறைய, கிணற்றடியும் வீட்டுத் தோட்டமும் களைகட்டும். வேம்பு பூத்துவிட்டது, புங்கன் தளிர்விட்டுவிட்டது. பூவுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குக் குருவி வரும்.

சிட்டுகளைப் பார்க்க உட்காருகிறவர்களுக்கு முதல் வேலை காதில்தான். நாதஸ்வர வித்துவான் கிருஷ்ணன் தன் பெயரோடு சேர்த்து உலகறியச் செய்த ஊர் இது. இங்குள்ளவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

விடியுமுன் ஆரம்பிப்பது ஆண் குண்டுக்கரிச்சான். மற்ற மாதங்களில் ‘சுர்ர்’ என்று ஓர் அதட்டலோடு புதரடியில் கிடக்கும் பறவை, கூடுகட்டும் காலம் வந்ததும் ஆளே மாறிவிடுகிறது. மின்கம்பத்து உச்சியில் ஏறிக்கொண்டு ஓர் அடி பாடும், நிறுத்தும், அதையே கொஞ்சம் வளைத்து மறுபடி பாடும். சில சமயம் வேறு பறவையின் குரலையும் நடுவில் சேர்த்துக்கொள்ளும். பாட்டைவிட அந்த நிறுத்தம்தான் எனக்குப் பிடிக்கும். ஆலாபனையில் வித்துவான் மூச்சு வாங்கும் இடம்போல, அடுத்து எங்கே போகப் போகிறதோ என்று நம்மைக் காக்கவைக்கிறது.

வெயில் ஏறியதும் செம்மார்புக் குக்குறுவான் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு நூறு தட்டுக்கு மேல், ஒரே சீராக ‘டொக் டொக்’. சத்தம் ஒருகணம் தென்னையிலிருந்து வருகிறது, மறுகணம் முருங்கையிலிருந்து. பறவை என்னவோ ஒரே கிளையில்தான் இருக்கிறது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் கூவுவதால் வரும் மயக்கம் அது. பட்டுப்போன கிளையின் அடிப்பக்கத்தில் வட்டமான பொந்து தெரிந்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஆனாலும் ஒரு காலைப்பொழுது முழுவதையும் நான் கொடுப்பது தையல்சிட்டுக்குத்தான். பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு, தோட்டம் முழுக்கக் கேட்கும் தொண்டை. கூவும்போது கழுத்தின் இருபுறமும் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்து மறையும். தைப்பது பெட்டை. அகலமான இலை ஒன்றை வளைத்து, அல்லது இரண்டு மூன்றைச் சேர்த்து, விளிம்பில் அலகால் பொடித் துளைகள் போடுகிறது. அதன் வழியே சிலந்தி நூலையோ, பருத்தி இழையையோ, செடி நாரையோ இழுக்கிறது. முடிச்சு கிடையாது. துளைக்கு வெளியே வந்த நுனி பிரிந்து பிசிராக விரிவதால் அப்படியே தங்கிவிடுகிறது. இலையைக் காம்போடு விட்டுவிடுவதாலும் துளைகள் அவ்வளவு சிறியவை என்பதாலும் அது வாடுவதில்லை. மேற்பக்கம் வெளியே தெரியும்படி மடித்திருப்பதால் மற்ற இலைகளுக்கு நடுவே அதுவும் ஓர் இலையாகவே நிற்கிறது. உள்ளே இலவம்பஞ்சு மெத்தை, அதில் மூன்று நான்கு முட்டை. இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் பருவமும் இதுதானே! பெட்டை வாயில் பஞ்சோடு கத்தரிப் பாத்திக்குள் நுழைந்தால் பின்னாலேயே போய் இலையை விலக்கிப் பார்க்கக் கூடாது. பத்தடி தள்ளி உட்கார்ந்தாலே போதும், நார் இழுக்கும்போது தலை பின்னுக்குச் சாய்வதுகூடத் தெரியும்.

மாம்பழச்சிட்டு வேம்பின் உச்சியிலிருந்து நீளமாக ஒரு சீழ்க்கை அடிக்கும். சேவல் மஞ்சளும் கறுப்புமாக இறகைச் சிலிர்த்துப் பந்தாகி, சுழன்றுகொண்டே கீழே இறங்கும். கண்சிமிட்டும் நேரம்தான், பார்க்கக் கிடைத்தால் அன்றைக்கு யோகம்.

தேன்சிட்டுக்கு மனிதர்களிடம் அவ்வளவு கூச்சம் இல்லை. செம்பருத்தியில் தேன் குடித்த கையோடு தாழ்வாரத்துக்கே வந்து, தொங்கும் கொடியிலோ ஒயரிலோ கூடு கட்டும். மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த இலை, புழுவின் எச்சம் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டவைத்துப் பை மாதிரி தொங்கவிடுகிறது. ஒட்டவைக்கும் பசை முழுவதும் சிலந்தி வலை. சித்திரைக்கு வீடு துப்புரவு செய்கிறவர்கள் தாழ்வாரத்து மூலையிலும் கிணற்றடிக் கொட்டகையிலும் உள்ள ஒட்டடையை மட்டும் ஆடி பிறக்கும்வரை விட்டுவைத்தால் தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் நூலுக்குப் பஞ்சமிருக்காது.