பெயரில்லாப் புலம்பலும் புலம்பலில்லாப் பெயரும்

குடும்பப் பெயரொன்றை வைத்துக்கொண்டு, அப்பெயருடையோரின் மரண அறிவித்தல்களையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் தேடித் தொகுப்பது மேனாட்டு வம்சாவளி ஆய்வில் வழக்கமான முறையாகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த தமிழரைத் தேடுவதற்கு இம்முறை பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

தமிழரிற் பெரும்பாலோர்க்குத் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் இல்லை. படிவம் அதனைக் கேட்குமிடத்தில் தந்தையின் பெயரே நிரப்பப்படுகின்றது. அப்பெயர் உடன்பிறந்தாரை இணைக்கும். பாட்டனையும் பேரனையும் பிரித்துவிடும். மறுபுறம், இராமசாமி, பெருமாள் முதலிய பெயர்கள் எட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் உறவற்ற பலருக்கு உரியன. எனவே பெயரை மட்டும் பற்றித் தேடுபவர் உறவினரைத் தவறவிட்டு அந்நியரைக் கண்டெடுக்கும் நிலையே ஏற்படும்.

இது வெறும் ஆய்வுச் சிக்கலன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டிலே பிறந்தவரிடமும், தந்தை இங்குப் பிறந்தமைக்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தமைக்கோ சான்று வேண்டி நின்றது. பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் என்பதை நோக்கின், லயத்து மனிதனிடம் பூட்டனின் பத்திரம் கேட்பதன் பொருள் விளங்கும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டும், சுமார் 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, லயங்களை விட்டோடியவர்களுக்குப் பத்திரங்களைக் காப்பது உயிரைக் காப்பதற்கு அடுத்தபடியாகவே இருந்திருக்கும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வதிந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே வழி திறந்தது. வழித்தோன்றல் என்பதை நிறுவ முன்னோர் பெயர் மீண்டும் வேண்டியதாயிற்று.

இறந்தோரை எழுத்தில் நிறுத்தும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டி நாளில் வழங்கப்படும் 'கல்வெட்டு' என்னும் நினைவு நூல் திதி வெண்பா, குடிவழி, மணம், மக்கட்பேறு, உறவினர் புலம்பல் ஆகியவற்றை முறையாகத் தரும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டத்தில் இத்தகைய நினைவு மலர்கள் பல இன்று வாசிக்கக் கிடைக்கின்றன. ஆயினும் அச்சிடப் பணமும் எழுதப் புலவரும் உள்ள குடியின் இலக்கியமே அது. புகழ்ச்சி மிகுந்து மனிதர் மறைவது அதன் குறை. பெயரும் நாளும் பிழையின்றி நிற்பது அதன் நிறை.

தோட்டத்தில் மரணத்தை அறிவித்தது தப்பொலி. வாழ்க்கையை உரைத்தது ஒப்பாரி. கடனும் காய்ச்சலும், விட்டுவந்த ஊரும், கங்காணியின் கொடுமையும் அதில் இடம்பெறும். ஆனால் மனைவி கணவனின் பெயரைச் சொல்லாள், 'ராசா' என்பாள். மகள் 'பெத்த அப்பா' என்பாள். உறவுமுறையே அங்குப் பெயராகின்றது. செக்ரோலோ இதற்கு நேர்மாறானது. 'பேர் பதிதல்' என்பதற்குத் தோட்டத்திலே வேலைக்குச் சேர்தல் என்பதே பொருள். அங்கே பெயரும் நாட்கூலியும் உண்டு, மனிதர் இல்லை. ஆக, ஏட்டில் உள்ளது புலம்பலில்லாப் பெயர். ஒப்பாரியில் உள்ளது பெயரில்லாப் புலம்பல்.

இவ்விரண்டையும் இணைக்கத் தவறியமை திறனாய்வாளருக்கும் உரிய பழியாகும். சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலுருப் பெற்றமை பெருந்தொண்டே. எனினும் பொதுவாக நாட்டார் பாடல் ஆய்வுகள் ஒப்பாரியின் உவமையையும் ஓசையையும் பாராட்டிய அளவிற்கு, யார் யாருக்காக, எத்தோட்டத்தில், எந்த ஆண்டில் பாடினார் என்று வினவவில்லை. அவ்வினா இல்லாதபோது ஒரு மனிதரின் ஒரே வாழ்க்கை வரலாறு 'நாட்டார் பாடல்' என்னும் பொதுப்பெயருக்குள் கரைந்துவிடுகின்றது.

எனவே சப்பிரகமுவத் தோட்டங்களில் தேடலின் திறவுகோல் குடும்பப் பெயரன்று. தோட்டம், பிரிவு, லயம், ஆண்டு, உறவுமுறை ஆகியவையே அதன் திறவுகோல்கள். தோட்ட நிருவாகத்தின் வழியே பதிவான பிறப்பு இறப்புக் குறிப்புகளை ஒருபுறமும், முதிய பெண்களின் நினைவில் எஞ்சியுள்ள ஒப்பாரிகளை மறுபுறமும் வைத்து ஒப்புநோக்கின், 'ராசா' எனப்பட்டவர் யாரென அறிய வாய்ப்புண்டு. ஏடுகள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். அம்முதிய பெண்கள் காத்திருப்பார்கள் என்று கொள்வதற்கில்லை.