வெயிலுக்குப் பழகலாம், தண்ணீர் இல்லாமைக்குப் பழக முடியாது

வெயிலில் உழைப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவங்களுக்கெல்லாம் பழகிடுச்சு" என்று யாராவது முடித்துவிடுவார்கள். இந்தப் 'பழகிடுச்சு' எதுவரைக்கும் உண்மை? அதைச் சோதிக்க நல்ல புத்தகம், 1947-ல் வந்த 'பிசியாலஜி ஆஃப் மேன் இன் தி டெசர்ட்'. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்து உடலியலாளர் இ.எஃப். அடால்ஃபும் குழுவினரும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பாலைவனத்தில் படைவீரர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின் தொகுப்பு அது.

குறைந்த தண்ணீரில் சமாளிக்க உடம்பைப் பழக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது ராணுவத்தில் இருந்தது. அடால்ஃப் குழு எடையையும் வியர்வையையும் குடித்த தண்ணீரையும் அளந்து அதை உடைத்தது. தண்ணீரைக் குறைத்தாலும் வியர்வை பெரிதாகக் குறையவில்லை, ஆள்தான் சோர்ந்தான். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தாலும், இழந்த அளவுக்கு மனிதன் தானாகக் குடிப்பதில்லை என்பதையும் பதிவு செய்தார்கள். அதாவது, தாகத்தை மட்டும் நம்பிக் குடித்தால் போதாது.

இதற்காகவே இந்தப் புத்தகத்தை இன்றும் படிக்கலாம். வெயில் பழக்கம் என்பது பொய் இல்லை. தினமும் வெயிலில் உழைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயத்துடிப்பு தணிகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்கி அதிகமாக வருகிறது, அதில் உப்பு குறைகிறது. கவனிங்க, வியர்வை *அதிகமாக* வருகிறது. அப்போ பழகிய உடம்புக்குத் தண்ணீர் கூடத்தான் வேணும். பழகிட்டானேன்னு தண்ணியைக் குறைச்சா நேர் எதிர் வேலை.

ஆனால் புத்தகத்துக்கு எல்லைகள் உண்டு. அளக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இளம் வீரர்கள். இடமோ வறண்ட பாலைவனம், வியர்வை உடனே ஆவியாகும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை வழியும், உடம்பு குளிராது. அங்கே எவ்வளவு பழகினாலும் பலன் கொஞ்சம்தான். அதைவிடப் பெரிய குறை, கணக்கு நாட்களோடு நின்றுவிடுகிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் வெட்டுகிறவர்கள் வெயிலுக்கு நன்றாகப் பழகினவர்கள்தான். அவர்களிடையே சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ காரணமாக இல்லாத சிறுநீரக நோய் பரவியது. கடும் வெயில் உழைப்பும் திரும்பத் திரும்ப நீர் வற்றுவதும் அதன் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஒரு நாள் தாங்கிய உடம்பு பத்து வருஷம் தாங்குமா என்ற கேள்வியே அடால்ஃபிடம் இல்லை.

பழக்கத்துக்கு ஒரு அட்டவணையும் இருக்கு. வெயில் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரை. அந்த நாட்களின் முழுக் கூலியை யார் கொடுப்பது? "பழகிடும்" என்று சொல்கிற மேஸ்திரியும் முதலாளியும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.