கடல் காணாத நாசகாரிகள்

போர்க்கப்பல்களுக்கு வரம்பு விதித்த வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் 1922-இல் கையெழுத்தாகவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட உலகில், நம் நிலப்படத்தில் இடம்பெறாத ஒரு கடல் வல்லரசு 1936-இல் புதிய நாசகாரிக் கப்பல் வகையொன்றைக் கட்டுகிறது. எடை 1,850 டன். எட்டு 130 மி.மீ. பீரங்கிகள், பன்னிரண்டு டார்பிடோ குழாய்கள். வேகம் 40 நாட், அதாவது மணிக்கு 40 கடல் மைல். ஒருமுறை எண்ணெய் நிரப்பினால் 6,000 கடல் மைல் ஓடும். இந்தக் கட்டுரைக்காக நானே வரைந்துகொண்ட மாதிரி இது. மாற்று வரலாற்றுக் கடற்படைகளை உருவாக்கி மகிழும் ஆர்வலர்களின் கப்பல் அட்டவணைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் சாயல் பழகியதாகவே இருக்கும்.

இத்தனை பீரங்கியும் இத்தனை வேகமும் ஒரே கப்பலில் அடங்குமா என்றுதான் உடனே கேட்கத் தோன்றும். அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. 1,850 டன் என்ற எண் இந்த உலகுக்குள் எப்படி நுழைந்தது? நாசகாரிக் கப்பல் 1,850 டன்னைத் தாண்டக் கூடாது, அதன் பீரங்கி 130 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பவை 1930-இன் லண்டன் ஒப்பந்தம் வகுத்த வரம்புகள். வாஷிங்டன் இல்லையென்றால் அதன் தொடர்ச்சியான லண்டனும் இல்லை. காரணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு விளைவை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட வரலாறு இது. 10,000 டன் எடையும் 203 மி.மீ. பீரங்கியும் கொண்ட குரூசர்களும் இதேபோல் ஒப்பந்தத்தின் குழந்தைகள்தான். ஒப்பந்தம் நடக்காத கற்பனை உலகங்களிலும் அவை கூச்சமில்லாமல் வலம் வருகின்றன.

கற்பனைக் கப்பல்களை எதை வைத்து எடைபோடுவது என்ற கேள்விக்கு இங்கேயே விடை கிடைக்கிறது. அவற்றின் குறைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும். தன் நாட்டின் வரலாற்றிலிருந்து முளைத்த குறை ஒன்றாவது இருக்கும் கப்பலை நம்பலாம். குறையே இல்லாத கப்பலுக்குப் பின்னால் நாடும் இல்லை, வரலாறும் இல்லை.

கற்பனைக் கப்பல் வரையும் இந்தப் பழக்கத்தை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. ஃப்ரெட் டி. ஜேன் உலகப் போர்க்கப்பல்களின் புகழ்பெற்ற தொகுப்பை வெளியிட்டது 1898-இல். தன் கடற்போர் விளையாட்டின் விதிகளை அவர் வெளியிட்டதும் அதே ஆண்டுதான். எடை, வேகம், கவசம், பீரங்கி என்று கட்டம் கட்டிய அட்டவணை விளையாட்டோடு கைகோத்து வளர்ந்தது. அமெரிக்கக் கடற்படையின் வடிவமைப்பாளர்களே கட்டாத கப்பல்களுக்கான தொடக்க வரைவுகளைத் தொகுப்பாக வைத்திருந்தார்கள். அவற்றை ‘ஸ்பிரிங் ஸ்டைல்ஸ்’ என்று அழைத்தார்கள். செனட்டர் பெஞ்சமின் டில்மன் ‘கட்டக்கூடிய மிகப்பெரிய போர்க்கப்பல் எது’ என்று கேட்டுத் துளைத்ததால், முதல் உலகப் போர்க் காலத்தில் 80,000 டன் வரை எடையுள்ள வரைவுகள் தயாராயின. அந்த அதிகபட்சக் கப்பலுக்கும் ஓர் அளவு தப்பவில்லை. பனாமா கால்வாயின் மதகுக்குள் அது நுழைந்தாக வேண்டும். அரசாங்கத்தின் கற்பனைக்கே கால்வாயின் அகலம் கடிவாளம் போட்டது.

நன்றாகச் செய்தால் இந்தப் பழக்கம் கற்றுத்தரும் பாடம் பெரிது. நாசகாரி அதற்கு மிகப் பொருத்தமான கப்பல். போர்க்கப்பலில் சில நூறு டன்களை அங்குமிங்கும் ஒளித்துவைக்கலாம். நாசகாரியில் ஐம்பது டன்னுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். கூடுதல் கொதிகலன் வைத்தால் எண்ணெய்த் தொட்டி சுருங்கும். எண்ணெய் குறைந்தால் பயண தூரம் குறையும். பீரங்கியை உயரத்தில் ஏற்றினால் கப்பல் தலைகனத்து ஆடும். இதை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர், ‘இந்த நாடு ஏன் இதைவிட நல்ல கப்பலைக் கட்டவில்லை’ என்று அவசரப்பட்டுக் கேட்க மாட்டார்.

சிக்கல் என்னவென்றால், தாளில் செய்யும் சமரசத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. உண்மையில் கட்டப்பட்டு, கற்பனைபோலவே தோன்றும் கப்பல்களை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் ஷிமகாஸே 1943-இல் முடிக்கப்பட்டது. 40 நாட்டுக்கு மேல் வேகம், பதினைந்து டார்பிடோ குழாய்கள். பதினாறு கப்பல்கள் கட்டத் திட்டம் இருந்தும் ஒன்றோடு நின்றது. உயர் அழுத்தக் கொதிகலன்களைப் போர்க்காலத்தில் வரிசையாகச் செய்து தள்ளும் வசதி ஜப்பானிடம் இல்லை. அந்த ஒற்றைக் கப்பலும் 1944 நவம்பரில் ஓர்மோக் விரிகுடாவில் விமானங்களுக்கு இரையானது. பிரான்சின் லெ தெரிபிள் 1935 சோதனை ஓட்டத்தில் 45 நாட் தொட்டுச் சாதனை படைத்தது. சோதனை ஓட்டத்தின் வேகம் போர்க்களத்தின் வேகம் ஆகாது. முழுச் சுமையோடும் அழுக்கேறிய அடிப்பாகத்தோடும் மாதக்கணக்கில் ஓட வேண்டியது வேறு கணக்கு.

கற்பனை அட்டவணைகள் அடிக்கடி செய்யும் இன்னொரு காரியம், பீரங்கியின் அளவை ஒரு படி உயர்த்துவது. ஜெர்மனி அதை உண்மையிலேயே செய்து பார்த்தது. ‘நார்விக்’ வகை என்று எதிரிகள் அழைத்த நாசகாரிகளில் 150 மி.மீ. பீரங்கி ஏறியது. ஒரு குண்டின் எடை சுமார் 45 கிலோ. ஆடும் தளத்தில் அதை ஆள் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அணியத்தில் வைத்த கனத்த இரட்டைப் பீரங்கிக் கூண்டு முன்பகுதியை அழுத்த, கொந்தளிப்பில் அலை தளத்தின்மேல் ஏறியது. 1943 டிசம்பர் 28 அன்று பிஸ்கே விரிகுடாவில் கிளாஸ்கோ, என்டர்பிரைஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்கள், எண்ணிக்கையில் தங்களைவிட அதிகமான ஜெர்மன் நாசகாரிகளையும் டார்பிடோ படகுகளையும் எதிர்கொண்டு மூன்றை மூழ்கடித்தன. தாளில் குரூசருக்கு நிகராகத் தெரிந்த பீரங்கி கடலில் நிகராகவில்லை.

எந்த எதிரியையும்விட இரக்கமற்ற தேர்வாளர் கடல். ஜப்பானின் ஃபூபுக்கி வகை 1928-இல் வெளிவந்தபோது உலகமே மலைத்தது. மூடிய கூண்டுகளில் ஆறு 127 மி.மீ. பீரங்கிகள், ஒன்பது டார்பிடோ குழாய்கள், சுமார் 38 நாட். மாற்று வரலாற்று ஆர்வலர் கனவு காணும் கப்பலுக்கு இதைவிட நெருக்கமான உண்மை இல்லை. 1934 மார்ச்சில், அதே சிந்தனையில் அளவுக்கு மீறி ஆயுதம் ஏற்றிய டோமோஸுரு என்ற டார்பிடோ படகு புயலில் கவிழ்ந்தது. 1935 செப்டம்பரில் நான்காவது கப்பற்படை சூறாவளிக்குள் சிக்கியபோது ஃபூபுக்கி வகையைச் சேர்ந்த இரண்டு கப்பல்களின் அணியம் முறிந்தே போனது. பிறகு உடலை வலுப்படுத்தினார்கள். எடை கூடியது, வேகம் சுமார் 34 நாட்டுக்கு இறங்கியது. கற்பனை அட்டவணையில் முதல் எண்தான் எப்போதும் இருக்கும். திருத்திய எண்ணும், அந்தத் திருத்தத்துக்குக் காரணமான சாவும் இருப்பதில்லை.

அமெரிக்காவும் இதற்கு விலக்கல்ல. 175 கட்டப்பட்ட ஃபிளெட்சர் வகை, போரின் மிகச்சிறந்த நாசகாரி என்று பலராலும் போற்றப்படுவது. அதில் ஒன்றான ஸ்பென்ஸ், ஹல், மோனகன் என்ற வேறு இரண்டோடு சேர்ந்து 1944 டிசம்பர் 18 அன்று பிலிப்பைன்சுக்குக் கிழக்கே சூறாவளியில் மூழ்கியது. போர்க்காலத்தில் மேல்தளத்தில் சேர்ந்துகொண்டே போன ராடாரும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் இந்தக் கப்பல்களின் நிலைத்தன்மையை ஏற்கெனவே குறைத்திருந்தன. எண்ணெய் தீர்ந்துவந்த தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிச் சமன்செய்யும் வேலையும் தள்ளிப்போனது. இதில் வடிவமைப்பின் பங்கு எவ்வளவு, அன்றைய முடிவுகளின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. அந்தச் சிடுக்குத்தான் வரலாறு.

அடுத்த குறை, பின்னாலிருந்து பார்க்கும் அறிவு. 1936-இல் கட்டும் கற்பனைக் கப்பலுக்கு வானத்தை நோக்கி நிமிரும் பீரங்கிகள் பிறவியிலேயே கிடைத்துவிடும். ஏனென்றால் படைத்தவருக்கு 1940 தெரியும். பிரிட்டனின் டிரைபல் வகையைக் கட்டியவர்களுக்குத் தெரியாது. அதன் எட்டு 120 மி.மீ. பீரங்கிகள் 40 பாகைக்கு மேல் நிமிரவில்லை. எதிரி நாசகாரிகளோடு பீரங்கிச் சண்டை போடுவதே முதல் வேலை என்று நினைத்துச் செய்தது அது. பிரிட்டிஷ் கடற்படை வைத்திருந்த பதினாறில் பன்னிரண்டு போரில் அழிந்தன. பலவற்றுக்கு எமன் விமானம். முன்யோசனையே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்காவின் ஃபாரகட் வகை 1934-லேயே கப்பலையும் விமானத்தையும் சுடவல்ல பீரங்கிகளோடு வந்தது. விமானந்தாங்கிகளைக் கூட்டிக்கொண்டு பசிபிக்கைக் கடக்க வேண்டியிருந்த நாட்டுக்கு அந்த யோசனை வரக் காரணம் இருந்தது. கற்பனைக் கடற்படைக்கும் சரியாக யோசிக்க உரிமை உண்டு. அந்தக் காரணத்தை அது காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

தொழிற்சாலை என்ற ஒன்றும் அட்டவணைகளில் காணாமல்போகிறது. ஷிமகாஸேவைக் கைவிட்ட அதே ஜப்பான், 1944-இல் 28 நாட்டைக்கூட எட்டாத மாட்சு வகையைக் கட்டியது. எளிய வடிவம், மலிவான உருக்கு. ஒரு குண்டில் எல்லா இயந்திரமும் முடங்காதபடி கொதிகலன் அறையும் இயந்திர அறையும் மாறிமாறி வைக்கப்பட்டிருந்தன. அழகுப் போட்டியில் தோற்கும் கப்பல். ஒரு நாட்டின் கதையைச் சொல்வதில் ஷிமகாஸேவை வெல்லும் கப்பல். கற்பனைக் கடற்படைகளில் மாட்சுகள் மிகக் குறைவு.

கதைகளில் இந்தக் குறைகள் எப்படித் தீர்கின்றன என்று பார்ப்பது பயன்தரும். கவாகுச்சி கைஜியின் ‘ஜிபாங்’ மங்கா 2000-இல் தொடங்கியது. அதில் மிராய் என்ற கற்பனையான நவீன ஏஜிஸ் ஏவுகணைக் கப்பல் காலத்தில் பின்னோக்கி 1942-இன் மிட்வே சண்டைக்குள் போய் விழுகிறது. கப்பலின் வல்லமைக்கு எல்லையே இல்லாததுபோல் தொடங்கும் கதை. ஆனால் ஏவிய ஏவுகணைக்கு மாற்று அந்தக் காலத்தில் எந்தத் துறைமுகத்திலும் கிடைக்காது. யாரைக் காப்பாற்றுவது, யாரைச் சுடுவது என்ற கேள்வி மாலுமிகளைப் பிளக்கிறது. பலமே பாரமாக மாறுகிறது. ஹாரி டர்டில்டவ் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு வென்றதாகக் கொண்டு எழுதிய தொடரில் எரிக்சன் என்ற நாசகாரி வருகிறது. அதன் பீரங்கி அளவு வாசகர் நினைவில் நிற்காது. அதில் வேலைசெய்யும் மீனவர் குடும்பத்து மாலுமி நிற்பார். தொழில்நுட்பத்தில் சோம்பல், மனிதரில் அக்கறை. அட்டவணைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நம் உலகப் போரையே கண்ணாடியில் திருப்பிக் காட்டுகிறார் என்ற குறை டர்டில்டவ் மீதும் உண்டு. அவர் கப்பலிலும் காரணங்கள் கடன் வாங்கியவைதான்.

கட்டுப்பாடற்ற கற்பனைக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. வரைவதன் இன்பமே போதும், பாடம் எதற்கு என்பார்கள். நியாயம்தான். வண்ணத்தில் வரைந்த பக்கவாட்டுத் தோற்றம் கண்ணுக்கு விருந்து. ஆனால் அதை ‘வரலாறு’ என்று பெயரிட்டு முன்வைத்ததும் வேறு கடமை வந்துவிடுகிறது. வரலாறு என்றால் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இந்தக் கப்பலுக்காக எதைக் கட்டாமல் விட்டார்கள்? எந்தத் தவறான கணிப்பு இதன் உடலில் பதிந்திருக்கிறது? பத்து ஆண்டுகளுக்குப் பின் எதைக் கழற்றினார்கள், எதைப் பொருத்தினார்கள்? என் மாதிரிக் கப்பல் மூன்றிலும் தோற்கிறது. அதை 2,300 டன்னாக்கி, வேகத்தை 35 நாட்டுக்கு இறக்கி, நான்கு குழாய்களைக் கழற்றி, ‘எண்ணெய் வளமில்லாத நாடு, அதனால் பாதிக் கப்பல்கள் துறைமுகத்திலேயே கிடந்தன’ என்று ஒரு வரி சேர்த்தால் கவர்ச்சி பாதியாகும். நம்பகம் இரட்டிப்பாகும்.

இந்தப் பயிற்சியின் பலன் கற்பனையோடு நிற்பதில்லை. இன்றும் எந்த நாடு புதிய போர்க்கப்பலை அறிவித்தாலும், செய்தியில் முதலில் வருபவை எடை, வேகம், ஏவுகணை எண்ணிக்கை. எதை விட்டுக்கொடுத்து இவை கிடைத்தன என்பது பெரும்பாலும் வருவதில்லை. விட்டுக்கொடுத்தவற்றின் பட்டியலைக் கேட்கப் பழக்குமானால், இல்லாத கடற்படைக்குக் கப்பல் வரைவது வீண்வேலை ஆகாது. அந்தக் கேள்வியை மறக்கடிக்குமானால், அது விளம்பரத் துண்டறிக்கை எழுதும் பயிற்சி மட்டுமே.